‘ஹேண்ட்’ என்ற ஒரு சொல்லுக்கு ஒரு மாதம்: காரைக்குடியில் ஓர் ஆங்கில வகுப்பு

காரைக்குடி செக்காலைப் பகுதியில், ஒரு பழைய வீட்டின் முகப்பறையில் மாலை நேரத்தில் நடைபெறும் பேச்சு ஆங்கில வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. பள்ளிப் பிள்ளைகளுக்கோ போட்டித் தேர்வு எழுதுவோருக்கோ உரிய வகுப்பன்று. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர்கள், விடுதிகளில் வேலை பார்ப்பவர்கள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள் ஆகியோருக்காகவே நடத்தப்படுகிறது. எங்கள் விடுதியின் வரவேற்பிலும் சமையற்கட்டிலும் இருக்கும் சிலரைச் சேர்த்துவிடப் போன நான், பாட முறையைப் பார்த்ததும் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

பெயர்ச்சொல், வினைச்சொல், காலங்கள் என்ற வழக்கமான வரிசை இங்கே கிடையாது. மாதத்துக்கு ஓர் உடலுறுப்பின் பெயரை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்கள், அதிலிருந்து பிறந்த சொற்கள், அது இடம்பெறும் மரபுத்தொடர்கள் ஆகியவற்றை நம் தொழிலோடு பொருத்திப் பேசப் பழக்குகிறார்கள். நாங்கள் சேர்ந்த மாதத்துக்குரிய சொல் ‘ஹேண்ட்’. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சொல்லுக்கு ஒரு மாதம் எதற்கு என்று எங்கள் சமையற்காரர் முதல் நாளே கேட்டார். அந்தக் கேள்விக்கு வகுப்பு பெரும்பாலும் நல்ல விடையையே அளித்தது. கையில் கொடுக்கும் அச்சுத்தாள்கள்தாம் அந்தத் தரத்துக்கு எட்டவில்லை.

முதல் பாடம் உடம்பிலேயே தொடங்கியது. தமிழில் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கைதான். முழங்கை, முன்கை, உள்ளங்கை, புறங்கை என்று வேண்டும்போது பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது; அதற்கு மேல் தோள் வரைக்கும் ‘ஆர்ம்’. விருந்தினர் ஒருவர் வளவுப் படியில் வழுக்கி முழங்கைக்கு மேல் அடிபட்டுக்கொண்டால், அவருடைய ஊர்க் காப்பீட்டு நிறுவனத்துக்கு நாம் எழுதித் தரும் அறிக்கையில் ‘ஹேண்ட்’ என்று போடுவது தவறான தகவலாகிவிடும் என்று ஆசிரியை சுட்டிக்காட்டினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டாரோடு பேசிவரும் ஓட்டுநர்களே அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உச்சரிப்புக்கும் அன்றே நேரம் ஒதுக்கினார். சொல்லின் இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘ஹேண்டு’ என்று நிறுத்துவது நம் நாவின் பழக்கம். அதை விடுவதற்கு அவர் கொடுத்த பயிற்சி எளிமையானது, பயனுள்ளதும்கூட.

கடிகாரத்தின் முள்ளும் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ ஆகிறது. இதைச் சொல்லித்தர ஆசிரியை ஒரு சிறு நாடகம் நடத்தினார். பழம்பொருள் கடைக்கு வரும் வெளிநாட்டவர் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ‘செகண்ட் ஹேண்ட்’ ஓடுகிறதா என்று கேட்கிறார். அவர் கேட்பது விநாடி முள்ளை. கடைக்காரரோ, “செகண்ட் ஹேண்ட் எல்லாம் இங்கே இல்லை ஐயா, எல்லாம் ஆன்டிக்” என்று முகம் சுளிக்கிறார். வகுப்பு சிரித்து அடங்குவதற்குள், ஒருவர் பயன்படுத்திய பின் இரண்டாவது கைக்கு வந்த பொருள் ‘செகண்ட் ஹேண்ட்’ என்பதும், நேரில் கண்டறிந்த செய்தி ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட்’ என்பதும், தூணோ நிலையோ ஒரு வீட்டாரிடமிருந்து இன்னொருவரிடம் போவதை நாம் ‘கைமாறியது’ என்பது போலவே அவர்களும் ‘சேஞ்ச்ட் ஹேண்ட்ஸ்’ என்பார்கள் என்பதும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. வகுப்பின் திறமை இப்படிக் கோத்துக் கொடுப்பதில்தான் இருக்கிறது.

குதிரையின் உயரத்தை ஆங்கிலேயர் இன்றும் ‘ஹேண்ட்’ கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ‘ஹேண்ட்’ என்பது 4 அங்குலம். 14.2 என்று எழுதினால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதின்மக் கூறன்று. 14 ‘ஹேண்ட்’, 2 அங்குலம், அதாவது 58 அங்குலம். நம் பக்கத்து அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்க்க வருபவர்களிடம் சொல்ல ஒரு செய்தி கிடைத்தது என்று வழிகாட்டிகள் குறித்துக்கொண்டார்கள். கப்பல் தொழிலாளியையும் ‘ஹேண்ட்’ என்றார்கள் என்பதையும், ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்ற கட்டளை அங்கிருந்து வந்ததையும், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன மூத்தவர்களை நினைவுபடுத்திச் சொன்னார்கள். சீட்டாட்டப் பாடம் எனக்குப் பெரிய பயன் தரவில்லை. நம் கையில் விழுந்த சீட்டுகளின் தொகுதி ‘ஹேண்ட்’. ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்றால் உள்நோக்கத்தை வெளியிடுதல். இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பணம், கணக்கு பற்றிய பாடத்தை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். கொடுக்கல் வாங்கலிலேயே வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, வகுப்பில் உறங்குவதற்கென்றே வருபவர்கள்கூட அன்று கேள்வி கேட்டார்கள். கையிருப்பு, கைமுதல், கைமாற்று, கைச்சாத்து, கையொப்பம் என்று நம் கணக்குப் புத்தகம் முழுவதும் கை இருப்பதைப் போலவே ஆங்கிலக் கணக்கிலும் இருக்கிறது. கடன் உறுதிச் சீட்டுக்கு ‘ப்ராமிசரி நோட்’ என்பதோடு ‘நோட் ஆஃப் ஹேண்ட்’ என்ற பழைய பெயரும் உண்டு. பத்திரங்களில் காணும் ‘அண்டர் மை ஹேண்ட்’ என்ற தொடரில் ‘ஹேண்ட்’ என்பது கையொப்பம். ‘கேஷ் இன் ஹேண்ட்’ என்பது கணக்கர் எழுதினால் ரொக்க இருப்பு. பிரிட்டனில் கூலி வாங்குபவர் சொன்னால், ரசீதும் வரிக் கணக்கும் இல்லாமல் நேரடியாகக் கையில் வாங்கும் பணம் என்ற நிழலும் அதில் படியும். நாம் இயல்பாகச் சொல்லும் ‘ஹேண்ட் லோன்’ இந்தியாவில் மட்டுமே விளங்கும் ஆங்கிலம். வெளியிலிருந்து வருபவருக்கு அது வட்டியில்லாத சிறு கைமாற்று என்று எடுத்துச் சொன்னால்தான் புரியும். ‘பேக்ஹேண்டர்’ என்றால் லஞ்சம் என்று சொன்னதும், “நம்ம கையூட்டுதானே டீச்சர்” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

‘ஹேண்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் வரும் சின்னச் சொற்களை மாற்றினால் பொருள் எப்படி மாறுகிறது என்பதில் ஒரு வார மாலைகள் போயின. ‘டாக்டர் இஸ் ஆன் ஹேண்ட்’ என்றால் தேவைப்பட்டால் உடனே உதவும்படி மருத்துவர் அருகிலேயே இருக்கிறார் என்று பொருள். ‘இன் ஹேண்ட்’ என்றால் கட்டுக்குள் இருப்பது. ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்றால் கட்டு மீறிப் போவது. ஆனால் ஒரு கோரிக்கையை ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ ஆக மறுத்தார்கள் என்றால் யோசிக்காமல் எடுத்த எடுப்பிலேயே மறுத்தார்கள் என்று ஆகிவிடும். ‘ஆஃப்ஹேண்ட்’ என்பதற்கு முன்னேற்பாடின்றி என்ற பொருளும், மரியாதைக் குறைவாக என்ற பொருளும் உண்டு. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. விடுதியில் மின்சாரம் போனது, அறை மாறிப்போனது, விருந்தினருக்குக் காய்ச்சல் கண்டது போன்ற நிலைமைகளைக் கொடுத்துப் பேசவைத்தார்கள். ‘ஹேண்ட் ஓவர்’, ‘ஹேண்ட் இன்’, ‘ஹேண்ட் டவுன்’ ஆகிய வினைகளும் அதே முறையில் படிந்தன. சாவியை ஒப்படைப்பதும், பாட்டி பேத்திக்கு வைரத்தோடு வழங்குவதும் வேறு வேறு வினைகள் என்று எங்கள் வரவேற்புப் பெண் இப்போது எனக்கே திருத்தம் சொல்கிறாள்.

மரபுத்தொடர்களில் தமிழுக்கு அப்படியே ஒத்துப்போவனவற்றை விரைவாகக் கடந்தது சரியான முடிவு. பொறுப்பை உதறுவதை நாமும் ‘கை கழுவுதல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது மத்தேயு 27:24இல் பிலாத்து தண்ணீர் எடுத்துக் கைகழுவிய நிகழ்ச்சியை நினைவூட்டுவது. நாம் ‘கை ஓங்கியது’ என்பதற்கு அங்கே ‘அப்பர் ஹேண்ட்’. ‘கையும் களவுமாக’ என்பதற்கு ‘ரெட் ஹேண்டட்’. கொலையோ திருட்டு வேட்டையோ செய்தவன் இரத்தக் கையோடு பிடிபடுவதைக் குறித்து ஸ்காட்லாந்துச் சட்டத்தில் வழங்கியது அது.

ஒத்துப்போவன போலத் தோன்றி ஏமாற்றுபவைதாம் ஆபத்தானவை. அவற்றுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்’ என்றால் விதி தடுப்பதால் எதுவும் செய்ய இயலவில்லை என்று பொருள். முன்பணத்தைத் திருப்பித் தர முடியாத வேளையில் இதைவிட மென்மையான தொடர் கிடைக்காது. எங்களில் பலர் அதைக் கைகட்டி நிற்கும் பணிவாகவே எடுத்துக்கொண்டோம் என்பது பேசிக் காட்டியபோதுதான் வெளிப்பட்டது. ‘கிவ் மீ எ ஹேண்ட்’ என்றால் உதவி கேட்பது. ‘கிவ் ஹர் எ பிக் ஹேண்ட்’ என்றால் கைதட்டச் சொல்வது. சமையலை மெச்சும் ‘கைப்பக்குவம்’ ஆங்கிலத்தில் கிடையாது என்று ஆசிரியை சொன்னது முழு உண்மையன்று. மாவுப் பண்டங்களைப் பக்குவமாகச் செய்பவருக்கு ‘லைட் ஹேண்ட்’ இருக்கிறது என்று அவர்களும் சொல்வதுண்டு. கந்தரப்பமும் சீயமும் சுடும் ஆச்சியை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல தொடர் எனக்குத் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் ‘கை நனைக்காமல்’ போகக் கூடாது என்பதற்குத்தான் ஆங்கிலத்தில் ஈடு இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

இனி, அச்சுத்தாள்கள். நகலெடுத்த தாள்களில் தொடர்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எது அன்றாடம் புழங்குவது, எது நாவலில் மட்டும் வருவது, எது பெரியவரிடம் சொல்லத் தகாதது என்ற குறிப்பு எங்குமே இல்லை. வேலையாட்களை ‘ஹேண்ட்ஸ்’ என்று குறிப்பது பழைய ஆலை முதலாளிகளின் பேச்சு. நம் ‘கையாள்’ என்ற சொல்லுக்கு நேராக அதைத் தாளில் போட்டுவிட்டு எச்சரிக்கை எதுவும் தராதது குறை. விருந்தினர் முன்னிலையில் ஒருவர் தம் சமையற்காரரை அப்படி அறிமுகம் செய்தால் நன்றாக இராது. ‘ஓல்ட் ஹேண்ட்’ என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். தொழிலில் பழுத்தவர் என்ற மதிப்பு அதில் உண்டு.

சொற்பிறப்புக் கதைகள் இன்னும் மோசம். ‘ஹேண்டிகேப்’ என்ற சொல், போரில் ஊனமுற்றவர்கள் தொப்பியை ஏந்திப் பிச்சை எடுத்ததிலிருந்து பிறந்தது என்று தாள் சொல்கிறது. அது பரவலாக உலவும் கட்டுக்கதை. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் இருந்த ஒரு பண்டமாற்று விளையாட்டுக்குப் பெயர் ‘ஹேண்ட் இன் கேப்’. இருவர் தத்தம் பொருளை மாற்றிக்கொள்ள முன்வருவார்கள். நடுவர் ஒருவர் விலை வேறுபாட்டைச் சொல்வார். இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு, சம்மதமா இல்லையா என்பதைக் கையில் காசோடோ காசில்லாமலோ வெளியே எடுத்துக் காட்டுவார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசுவதைப் போன்ற ஓர் ஏற்பாடு. அதிலிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், வலுவான குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றுவதைக் குறித்து, பின்னர்தான் உடற்குறையைச் சுட்டத் தொடங்கியது. இன்று மனிதரைக் குறிக்க அந்தச் சொல்லை நாகரிகமாகக் கருதுவதில்லை. சக்கர நாற்காலியில் வரும் விருந்தினரை வரவேற்பவர் அறிய வேண்டிய முதற்செய்தி அதுவே, அதுவும் தாளில் இல்லை. உண்மையான கதைகளுக்கா பஞ்சம்? ‘ஹேண்ட்சம்’ என்ற சொல் முதலில் கையாள எளிதானது என்ற பொருளில் வழங்கியது. ‘மேனேஜர்’ என்ற சொல்லின் வேரும் இலத்தீன் மொழியில் கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்பதே; இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்குவதைக் குறித்து, ஆங்கிலத்துக்குள் வந்தது. தமிழ்த்தாய்க்குக் கோயில் எடுத்த ஊரில் சொல்லாராய்ச்சிக்கு இவ்வளவு அலட்சியம் ஆகாது.

பிழைகளைச் சொன்னபோது ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. தாள்கள் வேறோர் இடத்திலிருந்து வாங்கியவை என்றும், அடுத்த குழுவுக்குத் திருத்துவதாகவும் கூறினார். கட்டணம் நம் ஊரில் தட்டச்சு வகுப்புக்குக் கட்டுவதைவிடச் சற்றுக் கூடுதல்; கிடைக்கும் பயிற்சிக்கு அது மிகையில்லை. சனிக்கிழமைக் குழுவில் கூட்டம் நெரிகிறது, எல்லாருக்கும் பேச முறை வருவதில்லை; வார நாள் குழுவில் சேருங்கள். எழுத்துத் தமிழ் தடையின்றி வாசிக்கத் தெரிந்தால் போதும், ஆங்கில எழுத்து தடுமாறினாலும் சமாளித்துவிடலாம். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அப்போது வெளிநாட்டார் வருகை மிகுந்து, பேசிப் பழக வேண்டிய வழிகாட்டிகளும் ஓட்டுநர்களும் வகுப்புக்கு வருவதேயில்லை.