நுண்ணோக்கியா, மரபணுவா, வளர்ப்புப் பதிவா: ஒட்டுண்ணி ஈக்களை எதை நம்பிப் பிரிப்பது?

அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஒட்டுண்ணி ஈ இனங்களைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு: உடலமைப்பைப் பார்ப்பது, டி.என்.ஏ. பார்கோடு எடுப்பது, அந்த ஈ எதன் உடலில் வளர்ந்தது என்ற பதிவை வைத்து முடிவெடுப்பது. இப்போது பலரும் நேராக இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள். என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் அது தனியாக நிற்காது.

முதலில் உடலமைப்பு. உயிருள்ள விலங்கின் புண்ணில் சதையைத் தின்று வளரும் கொக்லியோமியா ஹோமினிவோராக்ஸ், பெரும்பாலும் செத்த விலங்கில் வளரும் கொக்லியோமியா மாசெல்லாரியா, இரண்டுமே நீலப்பச்சை உடலும் முதுகில் மூன்று கருங்கோடுகளும் கொண்டவை. இவை வேறு வேறு இனங்கள் என்பதை 1933-இல் குஷிங், பாட்டன் இருவரும் தெளிவாக்கினார்கள். வளர்ந்த ஈயில் தடுமாறலாம். முற்றிய புழுவில் வேலை எளிது. பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி ஓடும் இரண்டு மூச்சுக்குழல்கள் ஹோமினிவோராக்ஸில் உடலின் பல வளையக் கண்டங்களுக்குக் கருத்திருக்கும்; மாசெல்லாரியாவில் அந்தக் கருமை கடைசிக் கண்டத்தோடு நின்றுவிடும். கால்நடையின் புண்ணில் இருப்பது எது என்று உடனே தெரிய வேண்டுமானால் இதைவிட வேகமான வழி இல்லை.

மற்றப் பூச்சிகளின் உடலுக்குள் வளரும் டாக்கினிடே என்ற ஈக் குடும்பத்துக்கு வந்தால் நிலைமை வேறு. 8,500-க்கும் மேற்பட்ட இனங்கள். முள்மயிர்களின் வரிசையைப் பார்த்தும் தீராதபோது, ஆண் ஈயின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, சதை கரைந்ததும் கிளிசரினில் வைத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். கையில் இருப்பது பெண் ஈ மட்டும்தான் என்றால் பல பேரினங்களில் இந்த வழி அடைபட்டுவிடும்.

பார்கோடுக்கு ஆண், பெண், புழு எல்லாம் ஒன்றுதான். ஒரு கால் போதும். 2003-இல் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறை இது: மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1 மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படிப்பது. கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்தே காட்டில், டாக்கினிடே குடும்பத்தின் பெல்வோசியா பேரின ஈக்களை உருவத்தை வைத்து 20 இனங்களாகப் பிரித்திருந்தார்கள். பார்கோடு அதை 32 ஆக்கியது. பலவகைக் கம்பளிப்பூச்சிகளைத் தாக்குவதாக நினைத்த மூன்று இனங்கள், ஆளுக்கொரு விருந்தோம்பியை (ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிரியை) பிடித்துக்கொண்ட பல இனங்களின் கூட்டமாக இருந்தன.

இதைப் பார்கோடின் வெற்றி என்று மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அங்கே உயிரியலாளர்கள் டான் ஜான்சென்னும் வின்னி ஹால்வாக்ஸும் நடத்திவந்த திட்டத்தில் ஒவ்வொரு கம்பளிப்பூச்சியையும் தனித்தனியாக வளர்த்து, எந்தச் செடியில் கிடைத்தது, எதிலிருந்து எந்த ஈ வந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் மரபணு வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடாகவே கிடந்திருக்கும்.

பார்கோடு சறுக்கும் இடங்களும் உண்டு. பறவைக் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சும் புரோட்டோகாலிஃபோரா ஈக்களில் 2007-இல் வெளியான ஆய்வில், 60 சதவீத இனங்களுக்கு அது சரியான விடை தரவில்லை. தாய்வழியாகப் பரவும் வோல்பாக்கியா பாக்டீரியா, தன்னோடு மைட்டோகாண்ட்ரியாவையும் ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஆட்டின் தோலைத் தாக்கும் லூசிலியா குப்ரினாவிலும் சில கூட்டங்களின் சி.ஓ.1 வரிசை, லூசிலியா செரிகாட்டாவுடையதை ஒத்திருக்கும். முன்னங்காலின் தொடை பச்சையாக மின்னினால் குப்ரினா, கருநீலமாக இருந்தால் செரிகாட்டா என்ற பழைய அடையாளம் அங்கே கைகொடுக்கும்.

வளர்ப்புக்குப் பொறுமை வேண்டும். பாதியில் செத்துப்போகும் புழுக்களும் ஏராளம். உண்மையிலேயே பல விருந்தோம்பிகளைத் தாக்கும் ஈக்களில் பதிவு மட்டும் எதையும் தீர்க்காது. ஆனாலும் வளர்த்தால்தான் ஈயோடு, அது வெளிவந்த கூட்டுப்புழுவின் காலிக் கூடும் கிடைக்கும். புரோட்டோகாலிஃபோராவில் அந்தக் கூட்டின் மேற்பரப்பு அமைப்பே இனத்தைப் பிரிக்க நல்ல ஆதாரம். அதனால் கூட்டைத் தூக்கி எறியாமல் ஈயைக் குத்திவைக்கும் அதே ஊசியில் சேர்த்து வையுங்கள். டி.என்.ஏ.வுக்கு ஒரு காலை மட்டும் எடுங்கள். பார்கோடும் பதிவும் முரண்பட்டால், 28எஸ் போன்ற உட்கரு மரபணு ஒன்றையும் படித்துப் பார்த்த பிறகு பெயர்ச்சீட்டு எழுதுங்கள்.