ஸ்டேஷன் பக்கம் தொடர்மாடி, பிளான் பாஸாகிவிட்டது என்று முற்பணம் கேட்கிறார்களா? இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்

மலையகத்தில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தொடர்மாடி வீடு என்று சொல்லி யாராவது உங்களிடம் முற்பணம் கேட்டுக்கொண்டிருந்தால் இதை முழுவதும் வாசியுங்கள். எங்கள் குடும்பத்தின் 54 இலட்சம் ரூபாய் ஒரு கம்பனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பாதிகூட இன்னும் திரும்பி வரவில்லை. கம்பனியின் பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று லோயர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை, ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். தம்பி கட்டாரில். அம்மா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், இன்னமும் லயத்தில்தான் இருக்கிறார். அவருடைய சேமலாப நிதிப் பணமும் இந்த 54இல் இருக்கிறது. லயக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை, அரசாங்கம் தருவதாகச் சொல்லும் காணித் துண்டு எங்கள் டிவிஷனுக்கு வந்து சேரவில்லை, டவுனில் காணி வாங்குவதென்றால் நிலத்துக்குக் கொடுப்பதைவிடத் தாங்குசுவருக்குக் கூடக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் வந்து, சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரத்தோடு இரண்டு அறை வீடு, ஸ்டேஷனுக்கு நாலு நிமிட நடை, லிஃப்ட் இருக்கிறது, அம்மா படி ஏற வேண்டாம் என்று சொன்னால் கேட்கத்தான் தோன்றும். உறுதி என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துகொண்டுதான் இவர்கள் வந்து விற்கிறார்கள்.

விலை 1 கோடி 80 இலட்சம். முன்பதிவுக்குப் பத்து வீதம், ஒப்பந்தம் எழுதும்போது இன்னொரு இருபது வீதம், மீதிக்கு வங்கிக் கடன். கட்டடம் ஒன்பது மாடி, எங்களுக்கு ஏழாம் மாடி. மலை நாட்டில் ஒன்பது மாடிக்கு அனுமதி கொடுப்பார்களா என்று நான் நேராகவே கேட்டேன். விற்பனைக்கு வந்த ஆள் சிரித்துக்கொண்டே, “டீச்சர், வெளிநாட்டில எல்லாம் ஸ்டேஷன் பக்கம்னா எத்தனை மாடி வேணும்னாலும் கட்ட விடுவாங்க, இங்கயும் இப்ப அப்படித்தான், எங்களுக்கு யூடிஏ அனுமதி வந்திருச்சு” என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் தலைப்பு போட்ட ஒரு கடிதத்தைக் காட்டினார். முத்திரை, கையெழுத்து, கோப்பு எண் எல்லாம் இருந்தது. கடிதம் உண்மையானதுதான். போலிக் கடிதம் காட்டி ஏமாற்றுவது பழைய கதை, இவர்கள் உண்மையான கடிதத்தையே காட்டினார்கள்.

அது கட்டட அனுமதிப்பத்திரம் இல்லை. பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி என்று ஒன்று இருக்கிறது, இந்தக் காணியில் இன்ன மாதிரி ஏதாவது கட்டலாமா என்று கேட்டால், இன்னின்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் விண்ணப்பிக்கலாம் என்று தருகிற பதில் அது. அதை வைத்து ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. எங்களுக்குக் காட்டியது முதல் பக்கம் மட்டும். நிபந்தனைகள் எல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தன: மண்சரிவு தொடர்பாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, ரயில்வே திணைக்களத்தின் இணக்கம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், தீயணைப்பு, தண்ணீர், கழிவுநீர். அந்தப் பக்கத்தை எங்கள் கையில் யாரும் தரவில்லை. நான் பிறகு கேட்டு வாங்கியபோதுதான் அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரிந்தது.

கதை வெளியே வந்தது வங்கியில். கடனுக்குப் போனபோது அங்கிருந்த உத்தியோகத்தர் முதலில் கேட்டதே பாஸான பிளானின் பிரதியும் மண்சரிவு அறிக்கையும்தான். கம்பனியிடம் கேட்டால் அடுத்த கிழமை தருகிறோம் என்றார்கள். அப்புறம் கோப்பு கொழும்பில் இருக்கிறது என்றார்கள், அப்புறம் நாங்கள் போகும் வங்கியையே மாற்றச் சொன்னார்கள், “நாங்க சொல்ற பேங்க்ல போனா இதெல்லாம் கேக்க மாட்டாங்க” என்று. பாஸான பிளானைக் கேட்காத வங்கி எது என்று நான் கேட்டதற்குப் பிறகு அந்த ஆள் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

சரி, நாமே பார்ப்போம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. நம் ஆட்களில் பலர் இதைப் பத்திரிகைக்காரர்களுக்கான விஷயம் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. பிரஜை எவரும் போடலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்டது மிகச் சின்ன விஷயம்: இந்தக் காணிக்கு, இந்த வரி இலக்கத்துக்கு, கட்டட அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கிறீர்களா, கொடுத்திருந்தால் எத்தனை மாடிக்கு, பிரதி வேண்டும்.

பதில் வந்தது. ஒன்பது மாடிக்கு அனுமதி எதுவும் இல்லை. ஒன்பது மாடிக்கு விண்ணப்பமே போகவில்லை. கம்பனி சமர்ப்பித்திருந்தது நாலு மாடிக் கட்டடத்துக்கான பிளான், அதுவும் முடிவாகாமல் நின்றது. அதாவது எங்களுக்கு விற்ற ஏழாம் மாடி கம்பனி போட்ட பேப்பரிலேயே கிடையாது.

ஏன் நாலு மாடி என்பதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். நம் நாட்டில் ஒரு காணியில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை, காணியின் அளவு, அதற்கு முன்னால் இருக்கும் வீதியின் சட்டப்படியான அகலம், அது எந்த வலயத்தில் வருகிறது, இவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 2021இல் வந்த திட்டமிடல் அபிவிருத்தி ஒழுங்குவிதிகளிலும் வீதி அகலத்துக்குப் பெரிய இடம் இருக்கிறது. ஒடுங்கிய வீதி என்றால் மாடி குறையும், அவ்வளவுதான். எங்கள் இடத்துக்கு விளம்பரத்தில் போட்டிருந்த முப்பது அடி வீதியில் பெரும் பகுதி ரயில்வே ஒதுக்கீட்டுக் காணி. லொறி போகிறது, த்ரீவீலர் நிறுத்துகிறார்கள், பல வருடமாகப் பொதுப்பாதை மாதிரித்தான் பாவிக்கிறார்கள், ஆனால் சேவையர் பிளானில் பார்த்தால் கம்பனியின் காணிக்கு உரிமையோடு வருகிற பாதை பத்து அடி. ஸ்டேஷன் பக்கம் என்பதால் மாடி கூடும் என்று எங்களிடம் சொன்னார்கள். ஸ்டேஷன் பக்கம் என்பதால்தான் அங்கே மாடி குறைந்தது. இந்த விஷயம் காணி வாங்கிய முதல் நாளே கம்பனிக்குத் தெரியும், ஏனென்றால் அந்த சேவையர் பிளானைப் போட வைத்ததே அவர்கள்தான்.

வெளிநாட்டுக் கதையும் முழுப் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். ஹொங்கொங்கில் ரயில் நிலையத்துக்கு மேலேயே கோபுரம் கோபுரமாக வீடுகள் நிற்கின்றன. அங்கே சில நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது, அதனால் ஆயிரம் பேர் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் வீதியில் கார் நெரிசல் ஏறாது என்ற கணக்கில் அனுமதி கொடுக்கிறார்கள். நம் மெயின் லைன் 1884இல் ஹட்டனுக்கு வந்தது, தோட்டத்து விளைச்சலை இறக்குவதற்காகப் போட்ட பாதை. காலையில் ஒன்றைத் தவறவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியதுதான். கொழும்பிலேயே மாலபேயிலிருந்து கோட்டைக்குத் திட்டமிட்ட இலகு ரயிலை 2020இல் கைவிட்டார்கள். பொடி மெனிக்கே ரயில் நிற்கிறது என்பதற்காக ஓர் ஊர் ஹொங்கொங் ஆகிவிடாது. ஸ்டேஷன் பக்கம் வீடு இருப்பது நல்லதுதான், எனக்கும் அதுதான் ஆசை, ஆனால் அதை மாடி எண்ணிக்கைக்கான அனுமதி மாதிரி விற்பது வேறு விஷயம்.

மண்சரிவு அறிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மீரியபெத்த மண்சரிவு 2014 ஒக்டோபரில் நடந்தது, நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை எப்படி இறங்கியது, ரயில் பாதை எத்தனை இடத்தில் அந்தரத்தில் தொங்கியது என்று எல்லோரும் பார்த்தோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அவர்களுடைய அபாய வலய வரைபடங்கள் இருக்கின்றன, மாவட்ட அலுவலகத்தில் போய் உங்கள் காணி எந்த நிறத்தில் வருகிறது என்று கேட்கலாம். அறிக்கை கையில் கிடைத்தால் அதில் எத்தனை மாடி என்று எழுதியிருக்கிறது, மண்ணை வெட்டுவதற்கு என்ன வரம்பு, எவ்வளவு காலத்துக்குச் செல்லுபடியாகும் என்று மூன்றையும் பாருங்கள். எங்கள் கம்பனி வைத்திருந்தது அதே காணியில் முன்பு யாரோ இரண்டு மாடி வீடு கட்டுவதற்கு எடுத்த பழைய அறிக்கை. அதையும் காட்டித்தான் “மண்சரிவு கிளியரன்ஸ் இருக்கு” என்றார்கள். ஒன்பது மாடிக்குப் பின்பக்கம் மலையை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், அந்த மேட்டுக்கு மேலே இரண்டு லயம் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்தது தனிக் கூத்து. முதலில் வீட்டை மூன்றாம் மாடிக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள், அதே விலையில், மூன்றாம் மாடியை ஏற்கனவே வேறு ஆட்கள் பதிவு செய்திருக்கும்போது. பிறகு கண்டியில் இன்னொரு திட்டம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். அதற்கு அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்று கேட்டேன், “அதுவும் வந்துக்கிட்டு இருக்கு டீச்சர்.” கடைசியில் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். அதில் மாடிகளின் எண்ணிக்கையும் வீடுகளின் அமைப்பும் அனுமதிகளுக்கு ஏற்ப மாறலாம் என்றும், வாங்குபவர் விலகினால் முன்பதிவுத் தொகை திரும்பாது என்றும் இருந்தது. நாங்கள் விலகவில்லை, நீங்கள் விற்ற வீடு இல்லை, இரண்டும் ஒன்றா என்று எங்கள் லோயர் கேட்டு எழுதிய கோரிக்கைக் கடிதத்துக்குப் பிறகுதான் ஒரு 20 இலட்சம் வந்தது. மீதிக்குத் தவணை என்று காசோலைகள் தந்தார்கள், முதல் காசோலையே திரும்பிவிட்டது. நுகர்வோர் விவகார அதிகார சபையிலும் முறைப்பாடு போட்டிருக்கிறோம். லோயர் காணிப் பதிவகத்தில் தேடியபோது அந்தக் காணியே ஒரு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருப்பதும் தெரிந்தது. நாங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் ஈடு பற்றி ஒரு வரி கிடையாது.

ஆகவே, யாருக்காவது இப்படி ஒரு வீடு பிடித்திருந்தால், சாம்பிள் வீட்டின் டைல்ஸைப் பார்க்கப் போகுமுன் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போங்கள். கட்டட அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தைக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள், அந்த இலக்கம் உண்மையா, எத்தனை மாடிக்கு, காலாவதியாகிவிட்டதா என்று சபையில் கேளுங்கள். கடிதம் காட்டினால் எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள். கட்டி முடித்தாலும் வேலை முடிவதில்லை, சீஓசி என்று சொல்கிற இணக்கச் சான்றிதழ் இல்லாமல் அதில் சட்டப்படி குடியிருக்க முடியாது, கூட்டாதன வரைபடம், அதாவது தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டுகிற பிளான், பதிவானால்தான் உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி எழுத முடியும், அதற்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழும் தேவை. இவை எந்தத் திகதிக்குள், வராவிட்டால் பணம் எந்த வட்டியோடு திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் சிபாரிசு செய்கிற லோயரிடம் ஒப்பந்தத்தைக் காட்டாதீர்கள், அந்தச் சலுகைக் கட்டணம் உங்களுக்கு வேண்டாம்.

எங்களைப் போல அதே திட்டத்தில் பணம் கட்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருந்து கட்டியவர்கள். ஸ்டேஷனுக்குக் கீழே, பழைய கூட்ஸ் ஷெட்டுக்கு எதிர்ப்பக்கக் காணி, ஒன்பது மாடி என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். பற்றுச்சீட்டையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். தனித்தனியாக வழக்குப் போடுவதைவிட எல்லோருமாகச் சேர்ந்து போனால் செலவு குறையும் என்று லோயர் சொல்கிறார். திரும்பிய காசோலை இருந்தால் அதையும் வங்கி கொடுத்த துண்டோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றித் தருகிறோம் என்று கேட்டால் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள்.