மக்காச்சோளம் போட்டிருந்த மண்ணுக்குத் கொட்டாங்குச்சி பயோசார்: ஒரு மூட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன்

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்று வருடமாக மக்காச்சோளம்தான். குத்தகைக்கு எடுத்தவர் ஒவ்வொரு முறையும் விதைத்த கையோடு அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்துவிடுவார். இந்த வருடம் நிலத்தைத் திரும்ப வாங்கி, வீட்டை ஒட்டிய துண்டில் அவரை போட்டோம். நன்றாகவே முளைத்தது. இரண்டு மூன்று இலை விட்டதும் அடி இலை ஓரம் மஞ்சளாகி, உள்பக்கமாகக் காய்ந்துகொண்டே வந்து செடி போய்விட்டது. மண்ணில் தங்கிப்போன அட்ரசின்தான் காரணம், அது முளைப்பைத் தடுக்காது, இலை உணவு தயாரிப்பதைத்தான் நிறுத்தும் என்று பிறகுதான் புரிந்தது.

அதற்காக வாங்கியதுதான் இந்த பயோசார் மூட்டை, அதாவது கொட்டாங்குச்சியைக் காற்று அதிகம் படாமல் சுட்டு எடுத்த கரி. 20 கிலோ, 600 ரூபாய். கரி தரமாக இருந்தது. கையில் தேய்த்துத் தண்ணீரில் கழுவினால் பிசுபிசுப்பு இல்லாமல் போய்விடுகிறது, தார் வாடையும் இல்லை. தூசி மட்டும் பயங்கரம், மூட்டையைப் பிரிக்கும் முன்பே தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது மூட்டை மேல் அச்சடித்திருந்த வாசகத்தைப் பார்த்துத்தான்: மண்ணில் உள்ள நஞ்சை முழுவதும் அகற்றுமாம். அகற்றாது. கரியில் இருக்கும் நுண்துளைகளின் சுவரில் மருந்து ஒட்டிக்கொள்கிறது, வேருக்குக் கிடைப்பது குறைகிறது, அவ்வளவுதான். மருந்து மண்ணிலேயேதான் இருக்கும். நுண்ணுயிர்களுக்கும் எளிதில் கிடைக்காது என்பதால் சில நேரம் அது சிதைவதற்கு இன்னும் கூடுதல் நாளாகலாம். இதைச் சொல்லியே விற்கலாமே, வாங்குகிறவன் விவசாயிதானே, அவனுக்குப் புரியாதா?

பாத்தியில் கொட்டுவதற்கு முன்னால் செடித் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். ஆறு தொட்டி, ஒவ்வொன்றிலும் அதே தோட்டத்து மண் 2 கிலோ, மூன்றில் மட்டும் 20 கிராம் கரி, அதாவது எடையில் 1 சதவீதம். எல்லாவற்றிலும் அவரை விதை. மூன்றாவது வாரத்தில் கரி இல்லாத மூன்றும் கருகிவிட்டன. கரி கலந்ததில் ஒன்றுக்கு ஓரம் லேசாக மஞ்சள், மற்ற இரண்டும் பச்சையாக நின்றன. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

அப்புறம் பாத்தி. 15 செ.மீ. ஆழத்துக்கு 1 சதவீதம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 2 கிலோ வேண்டும், ஆக ஒரு மூட்டை 10 சதுர மீட்டருக்குத்தான் வரும். இதே கணக்கில் ஒரு ஏக்கருக்கு 8 டன், இந்த விலைக்கு 2,40,000 ரூபாய். வீட்டுத் தோட்டத்துக்கும் நாற்றங்காலுக்கும் சரி, ஏக்கர் கணக்கில் நினைக்கவே வேண்டாம். சாணிக் கரைசலில் ஊறவைத்துப் போடுவதுதான் வழக்கம், இல்லாவிட்டால் கரி தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் துளைகள் முன்பே நிறைந்துவிட்டால் மருந்தைப் பிடிக்க இடம் குறையுமே என்று நான் வெறும் தண்ணீரில் நனைத்துக் கலந்து, பத்து நாள் கழித்துத்தான் மண்புழு உரம் வைத்தேன். கரி போட்ட பாத்தியில் அவரை காய்த்துவிட்டது. போடாமல் விட்ட பாத்தியில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி தப்பியதற்கு இடையில் பெய்த இரண்டு மழையும் காரணமாக இருக்கலாம்.

ஒரு பெரிய குறை இருக்கிறது. கரியின் கார அமில நிலையோ, சாம்பல் எவ்வளவு என்பதோ, எத்தனை டிகிரியில் சுட்டது என்பதோ மூட்டையில் எங்கும் இல்லை. எங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு மண், கரியும் காரத்தன்மை உள்ளது, கார மண்ணில் அட்ரசின் சிதைவது இன்னும் மெதுவாகும். போன் செய்து கேட்டால் “எல்லா மண்ணுக்கும் போடலாம் சார்” என்கிறார்கள். இது பதிலே இல்லை.

கரிக்கு 5க்கு 4, மூட்டையில் எழுதியிருப்பதற்கு 1. அடுத்து தக்காளிப் பாத்திக்கு இன்னொரு மூட்டை வாங்கப்போகிறேன், ஆனால் மண் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான்.