காது, கடை, கிரீஸ், கால்: சைக்கிள் சத்தத்தைப் பிடிக்க எது உதவும்?

என் கியர் சைக்கிளில் ஏழு வாரம் ஒரு சத்தம் குடியிருந்தது. சமதரையில் வாயைத் திறக்காது. மேம்பாலம் ஏறத் தொடங்கினால் போதும், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'கிரிக்'. பழைய மரக்கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல. அதைப் பிடிக்க நான்கு வழிகளையும் பார்த்துவிட்டேன்: காதால் தேடுவது, கடையில் விடுவது, எல்லாவற்றையும் கழற்றி கிரீஸ் தடவுவது, காலால் சோதிப்பது. நான் முயன்ற வரிசையும் இதுதான். சரியான வரிசை ஏறக்குறைய இதற்குத் தலைகீழ்.

காதிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் நம்புவது அதைத்தான். சைக்கிளின் சட்டம் என்பது ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட காலிக் குழாய்கள். ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் உலோகம் வழியாக ஓடி இன்னொரு மூலையில் வெளியே வரும். சீட் குழாயில் கிரீச்சிடுவதும் பின்சக்கரத்தில் கிரீச்சிடுவதும் ஓட்டுபவருக்குப் பெடலுக்கு அடியிலிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைச் சட்டத்தில் ஊன்றியும் கேட்டுப் பார்த்தேன். எங்கு ஊன்றினாலும் அங்கேதான் சத்தம் இருந்தது.

ஆனால் 'எங்கே' என்பதில் பொய் சொல்லும் காது, 'என்ன, எப்போது' என்பதில் பொய் சொல்லாது. குருவிக் குஞ்சுபோல் இடைவிடாத கீச்சு என்றால் செயின் காய்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டால் தீர்ந்தது. முன்பல் 44, பின்பல் 16 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சக்கரம் 2.75 சுற்று சுற்றிவிடும். சத்தம் சக்கரத்தின் கணக்கில் வருகிறதா, பெடலின் கணக்கில் வருகிறதா என்று எண்ணிவிட்டாலே பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விடுபடும். காதுக்கு இந்த ஒரு வேலையை மட்டும் கொடுங்கள்.

அடுத்தது கடை. பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க்; அதன் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் தேய்ந்துவிட்டது என்றார்கள். மாற்றினார்கள். பணம் கொடுத்தேன். மறுநாள் மேம்பாலத்தில் அதே கட்டில், அதே ஆள், அதே புரளல். அவர்களைக் குறை சொல்லவும் மனமில்லை. கடை வாசலில் சமதரையில் இருபதடி ஓட்டிப் பார்ப்பார்கள். பாரம் ஏறினால் மட்டும் பேசும் சத்தம் அங்கே பேசாது. பேசாத சத்தத்துக்கு வழக்கமான குற்றவாளியைத்தான் பிடிப்பார்கள். அந்த வேலையை வீட்டில் எளிதில் செய்யவும் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கிராங்கைக் கழற்ற ஒரு கருவி, பாட்டம் பிராக்கெட்டைச் சட்டத்தில் பிடித்திருக்கும் கப்பைக் கழற்ற இன்னொன்று. பரவலாக உள்ள மரையில் வலப்பக்கக் கப் இடமரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும். மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் பிரஸ்ஃபிட் வகை, அதுவும் கார்பன் சட்டம் என்றால், யோசிக்காமல் கடைதான்.

பிறகு கிரீஸ். இதற்கு ஒரு நியாயம் உண்டு. கிரீச்சு என்பது பெரும்பாலும் இறுகப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு பரப்புகள் பாரத்தில் மயிரிழை நழுவி, பிடித்து, மீண்டும் நழுவுவதுதான். நடுவில் புழுதி சேர்ந்து காய்ந்திருக்கும். துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி, சரியாக இறுக்கினால் வாய் மூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கே கொடுத்தேன். சீட் குழாய், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், பெடல் மரை (இடது பெடலும் இடமரை), முன்பல் சக்கரத்தின் போல்ட்டுகள், ஒன்றுவிடாமல். கை கறுத்தது. சத்தம் அப்படியே இருந்தது.

இந்த வழியின் ஓட்டை இங்கேதான். சந்தேகப்படும் இடங்களுக்குத்தான் கிரீஸ் போகும். நான் பின்சக்கரத்தைத் தொடவே இல்லை; அங்கே தடவ என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சத்தம் நின்றிருந்தாலும் எதனால் நின்றது என்று தெரிந்திருக்காது. கார்பன் பாகம் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று சொரசொரப்பான தனிப் பசை இருக்கிறது. துரு நீக்கும் ஸ்பிரேயை இண்டு இடுக்கெல்லாம் அடிப்பவர்களுக்கு: இரண்டு நாள் அமைதி கிடைக்கும். அதற்குள் அது பால்ரஸ் குண்டுகளின் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போயிருக்கும். ரிம்மில் பட்டால் பிரேக்கும் பிடிக்காது.

கடைசியில் கால். காசும் கருவியும் வேண்டாத இதை ஏன் கடைசியில் செய்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கொள்கை எளிது: சத்தத்தைத் தேடாதே, பாரத்தை இடம் மாற்று. மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானாக உருளவிட்டேன், சத்தம் போயிற்று. ஆகவே மிதியோடு சம்பந்தப்பட்டது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன், சத்தம் இருந்தது. சீட்டும் அதன் குழாயும் விடுதலை. வலது காலால் மட்டும், இடது காலால் மட்டும் அழுத்தினேன். இரண்டுக்கும் ஒரே சத்தம். இரண்டு பெடலும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி கெடுவது அரிது. நின்ற இடத்தில் முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டினேன், முன்பக்கம் அமைதி. பத்து நிமிடத்தில் மீதி இருந்தது கிராங்கும் செயின் இழுக்கும் பாதையும்தான்.

அப்புறம் வண்டியைச் சுவரில் சாய்த்து, பின்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலை விட்டு விட்டு அழுத்தினேன். அக்கா மகனைக் குந்தவைத்து ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைக்கச் சொன்னேன். காதைவிட விரல் நம்பகமானது. பாட்டம் பிராக்கெட்டில் ஒன்றும் இல்லை. நகர்ந்து நகர்ந்து போனவன், "மாமா, இங்கே விரலில் குத்துகிறது" என்றான். பின்சக்கர அச்சு உட்காரும் காடி, வலது பக்கம்.

கணக்குப் போட்டால் வியப்பில்லை. 170 மில்லிமீட்டர் கிராங்கில், 44 பல்லில், பெடலில் விழும் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை செயினில் ஏறும். 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 115 கிலோ அளவுக்கு அச்சை முன்னால் இழுக்கிறது, அதுவும் வலது பக்கமாக. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். காடியின் உள்முகத்தில் பிறை வடிவில் பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. ஓரத்தில் கண்மைபோல் கறுப்புப் பசை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மிக மெல்லிய கிரீஸ் பூசி, சக்கரத்தைக் கருவியில்லாமல் பூட்டும் குயிக் ரிலீஸ் நெம்புகோலின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உள்ளங்கையில் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கி மூடினேன்.

கியர் இல்லாத பழைய கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. முதலில் கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பான கோட்டர் பின்னைப் பாருங்கள். சுத்தியலால் அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். நட்டாலேயே இழுத்து உட்காரவைத்தால் மரை போகும், கோட்டர் பின் தளரும், 'டொக்' என்ற சத்தம் திரும்பி வரும். நடுத்தர கியர் வண்டிக்காரர்கள் ஒரு மாலை காலால் சோதித்து, பிடிபட்ட இடத்தில் மட்டும் கிரீஸ் பூசுங்கள். கடைக்குப் போவதானால் "சத்தம் வருகிறது" என்று சொல்லாமல், "நின்று மிதித்தாலும் வருகிறது, இரண்டு காலுக்கும் வருகிறது" என்று சொல்லுங்கள்.

இப்போது மேம்பாலத்தில் முழு அமைதி. மட்கார்டு கம்பி ஒன்று லேசாக அதிர்வது இதுநாள் வரை காதில் விழவே இல்லை.