வாய்ஸ் மெயிலா, கோல் டைவர்ட்டா?

எடுக்க முடியாத அழைப்பை வாய்ஸ் மெயிலுக்கு விடுவதா, வேறு நம்பருக்குத் திருப்புவதா? யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருப்பவர்கள் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: வாய்ஸ் மெயில் எடுத்ததுமே கூப்பிட்டவருக்குக் காசு ஓடும். டைவர்ட்டில் திருப்பிவிடும் பகுதிக்கான கட்டணம் பொதுவாக உங்கள் தலையில் விழும்.

பயன்: வாய்ஸ் மெயிலில் பேசிவைக்க எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை, சத்தம் கேட்டதும் வைத்துவிடுவார்கள். டைவர்ட்டில் ஒரு மனிதர் பதில் சொல்வார். திருநெல்வேலிச் சந்தை வியாபாரிக்கு ஓடர் கைவிட்டுப் போகாமலிருக்க இதுதான் நல்லது.

போடுவது: **61*நம்பர்# அழுத்தினால் எடுக்காத அழைப்பு மட்டும் திரும்பும். 61க்குப் பதிலாக, பிஸி என்றால் 67, சிக்னல் இல்லாவிட்டால் 62. 21 மட்டும் கவனம்: எல்லா அழைப்பும் போய்விடும், உங்கள் போன் அடிக்கவே அடிக்காது.

நிறுத்துவது: வாய்ஸ் மெயிலும் உள்ளே ஒரு டைவர்ட்தான். அதனால் ##002# அழுத்தினால் பொதுவாக இரண்டுமே நிற்கும். பிறகு *#61# அழுத்தி, உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

நெடுந்தீவுக்குப் படகில் அடிக்கடி போகிறவர் 62ஐப் போட்டு வீட்டு நம்பரைக் கொடுக்கலாம். போன் எடுக்க இன்னொரு ஆள் இல்லாதவருக்கு வாய்ஸ் மெயில் இருக்கட்டும்.