கூகைக்கான மரக்கூண்டு: ஒரு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் மாந்தோப்பில் எலித்தொல்லை தாளாமல், எலி தின்னும் ஆந்தை வகையான கூகை வந்து குஞ்சு பொரிக்கவென்று பட்டறையொன்றில் சொல்லிச் செய்த கூண்டை மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டினோம். மரத்திலும் கூரைச் சரிவிலும் குறையில்லை. ஆனால் நுழைவுத் துளையை அடிப்பலகையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே வெட்டியிருந்தார்கள். கூகை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால், படிக்கட்டுப்போல் வெவ்வேறு உயரத்தில் நின்ற நான்கு குஞ்சுகளும் பாம்பாய்ச் சீறி இரை கேட்டு வாசலில் முண்டியடித்தபோது, ஐந்து வாரமே ஆன மூத்தது கீழே விழுந்துவிட்டது. (அடிபடவில்லை, ஏணி வைத்து உள்ளே விட்டோம். சாவுக்குருவி என்று முகம் சுளித்த பாட்டிதான் முதலில் பதறியவர்.) துளை ஒன்றரை அடி உயரத்தில் இருந்திருக்க வேண்டும். பக்கக் கதவும் இல்லாததால், எலும்பும் மயிருமாகக் கக்கிய உருண்டைகளை அகற்ற, ஒன்பதாம் வாரத்தில் கடைசிக் குஞ்சு பறந்தபின் கூரையையே கழற்ற வேண்டியதாயிற்று. இவ்விரண்டையும் திருத்தித் தருவதானால், கேட்கும் விலை தகும்.