ஐவிட்னஸ் செயலி: 2009க்கு இனி இது உதவுமா?

போர்க் குற்றங்களின் தடயங்களைப் போனிலேயே சாட்சியமாகப் பதிவு செய்ய உதவும் ஐவிட்னஸ் செயலியைப் பற்றி, பெங்களூரில் ஈழத்துச் சொந்தங்கள் உள்ள வீடுகளில் பேச்செடுத்தால் வரும் முதல் கேள்வி, "அன்னிக்கு நடந்ததுக்கு இன்னிக்கு டவுன்லோடு பண்ற ஆப் என்ன செய்யும்?" என்பதுதான். அன்று எடுத்த படங்களோடு அலமாரியில் இருக்கும் பழைய மெமரி கார்டுக்கு இது எதுவும் செய்யாது. ஆனால் 2009ல் முடிந்த இலங்கைப் போர் உடம்பிலும் மண்ணிலும் விட்டுப்போன தடயங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை நீதிமன்றம் தள்ளிவிட முடியாத வகையில் பதிவு செய்ய, ஒரு சாதாரண மனிதர் கையில் இலவசமாகக் கிடைப்பதில் இதுதான் முதல் தரம்.

இந்தச் செயலி பிறந்த கதையே நம்மோடு தொடர்புடையது. 25 ஆகஸ்ட் 2009 அன்று பிரிட்டனின் சேனல் 4 ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கண்ணும் கையும் கட்டப்பட்ட ஆண்களை நிர்வாணமாக உட்கார வைத்து, இலங்கை ராணுவ உடையில் இருப்பவர்கள் பின்னாலிருந்து சுடும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று வல்லுநர்களிடம் கொடுத்து ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று ஜனவரி 2010ல் அறிவித்தார். அப்போதும் விளக்கம் கிடைக்காத சில புள்ளிகள் இருந்தன: கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 ஃபிரேம்கள், கோப்புக்குள் பதிவாகியிருந்த 17 ஜூலை 2009 என்ற தேதி. போர் முடிந்தது மே 18. போனில் தேதியைத் தவறாக வைத்திருந்தாலே இப்படிப் பதிவாகிவிடும். ஆனால் மறுக்க நினைப்பவருக்கு அந்த ஒரு ஓட்டை போதும். இந்த அனுபவத்திலிருந்துதான், எடுக்கும்போதே சந்தேகத்துக்கு இடம் வைக்காத ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணம் சர்வதேச வழக்கறிஞர் சங்கத்துக்கு வந்தது. லெக்சிஸ்நெக்சிஸ் என்ற சட்டத் தகவல் நிறுவனத்தின் துணையோடு 2015ல் வெளியானது ஐவிட்னஸ்.

வேலை செய்யும் விதம் சிக்கலில்லாதது. போனின் வழக்கமான கேமராவை விட்டுவிட்டு, செயலிக்குள் இருக்கும் கேமராவால் படமோ வீடியோவோ ஒலியோ எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் ஜிபிஎஸ் இடம், நேரம், பக்கத்திலிருக்கும் செல் கோபுரங்கள், வைஃபை நெட்வொர்க்குகள் எல்லாம் சேர்ந்து பதிவாகும். கோப்புக்கு ஒரு ஹேஷ் எண் உருவாகும். பின்னர் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் பொருந்தாது. பதிவு போனின் கேலரியில் தெரியாமல், செயலிக்குள்ளேயே பூட்டி இருக்கும். நெட் இல்லாத இடத்திலும் எடுக்கலாம், கிடைத்ததும் அனுப்பலாம். உங்கள் பெயர் கேட்பதில்லை. அனுப்பியவற்றைப் பாதுகாத்து, வழக்கறிஞர்கள் பார்த்து வகைப்படுத்தி, விசாரணை அமைப்புகளுக்குக் கோப்புகளாகத் தொகுத்துக் கொடுக்கிறார்கள். படம் யார் யார் கை மாறியது என்ற கேள்விக்கே வேலையில்லை என்பதுதான் இதில் நாம் பெறும் பெரிய லாபம்.

ஏற்கெனவே எடுத்த படத்தை இதற்குள் ஏற்ற முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் பார்வையில் இதன் பலமே அதுதான்: வெளியிலிருந்து ஒன்று நுழைய வழி இருந்தால், உள்ளே இருக்கும் எல்லாமே சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

அப்படியானால் பழைய குற்றத்துக்கு எப்படி உதவும்? காங்கோவைப் பாருங்கள். தெற்கு கிவு பகுதியில் கமனங்கா, லுமென்ஜே கிராமங்களில் 2012ல் நடந்த படுகொலைகளுக்காக ஆயுதக் குழுவின் தளபதிகள் இருவருக்கு ராணுவ நீதிமன்றம் செப்டம்பர் 2018ல் ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த வழக்கில் இந்தச் செயலியால் எடுத்த படங்கள் சாட்சியமாக வைக்கப்பட்டன. கொலை நடக்கும்போது எடுத்தவை அல்ல அவை. ஆண்டுகள் கழித்து எடுத்த புதைகுழிகளும், தப்பியவர்களின் காயத் தழும்புகளும்தான். 2009க்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

நம்மிடம் அப்படி என்ன மிச்சம் இருக்கிறது? நிறையவே. 2009 பிப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக வெளியேற்றிய காயம்பட்டவர்களும் உடன் போனவர்களும் சுமார் 14,000 பேர். சரியான சிகிச்சை இல்லாமலே, போரிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் ஃபார்ம் முகாமுக்குப் போனவர்களும் உண்டு. பலர் உடம்பில் ஷெல் துண்டு இன்றும் இருக்கிறது. அவர்களில் சிலர் இன்று தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும் வாழ்கிறார்கள். இங்கேயே ஒரு புது எக்ஸ்ரே எடுத்தால் அதுவே சாட்சியம். ஸ்கேன் சென்டரில் பிலிமோடு நிறுத்திவிடாமல், டைகாம் எனப்படும் மூல டிஜிட்டல் கோப்பை சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். எடுத்த தேதி, நேரம், மெஷின் விவரம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உடம்பில் இரும்புத் துண்டு இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், எம்ஆர்ஐ அறைக்குள் போவதற்கு முன் டெக்னீஷியனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் துண்டை நகர்த்திவிடும்.

தழும்பைப் பதிவு செய்ய மூன்று படம் போதும். முதலில் ஆள் முழுதாக, எந்தப் பக்கம் என்று தெரியும்படி. அடுத்து அந்தக் கையோ காலோ, பக்கத்து மூட்டும் சேர்ந்து தெரிய. மூன்றாவது நெருக்கத்தில், தழும்பின் ஓரமாகப் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலைத் தோலோடு ஒட்டி வைத்து. ஸ்கேல் சாய்ந்திருந்தால் அளவு பொய்யாகும். கேமரா தழும்புக்கு நேராக இருக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் தழும்பின் மேடு பள்ளம் அழிந்துவிடும். ஜன்னல் ஓரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிற்கச் சொல்லுங்கள். முகம் வேண்டாம் என்று அவர் சொன்னால் முதல் படத்தைக் கழுத்துக்குக் கீழே எடுங்கள்.

இடத்தைப் பதிவு செய்வதென்றால் வீடியோ நல்லது. நின்ற இடத்திலிருந்து மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றி, கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று பிற்பாடு செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடக்கூடிய ஏதாவது ஒன்றில் பத்து வினாடி நிறுத்துங்கள். பிறகுதான் பதுங்கு குழி, சுவரில் ஷெல் அடித்த இடம். வீடியோவில் தேதியும் இடமும் சொன்னால் போதும். "இது ஆமி அடிச்ச ஷெல்" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஷெல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைச் சுவரின் காயத்தைப் பார்த்துச் சொல்ல வல்லுநர்கள் இருக்கிறார்கள். நம் ஊகம் பதிவானால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

யார் செய்த குற்றம் என்று பார்த்துப் பதிவு செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கடைசிப் போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்த மருத்துவமனைகள் எல்லாமே ஷெல்லடிக்கு உள்ளானதாகச் சொல்லும் 2011ஆம் ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைதான், தப்பிப் போன மக்களைப் புலிகள் சுட்டதையும் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துச் சென்றதையும் சொல்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சேகரிக்கும் தொகுப்பை எந்த விசாரணையாளரும் முழுதாக நம்பமாட்டார்.

இனி, எங்கே கோளாறு வருகிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் போனின் அமைப்புகளில்தான். ஆண்ட்ராய்டு 12 முதல் இட அனுமதி கேட்கும்போது ‘துல்லியம்’, ‘தோராயம்’ என்று இரண்டு வரும். அவசரத்தில் தோராயத்தை அழுத்தினால் பதிவின் மதிப்பே போய்விடும். பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தால், பின்னணியில் நடக்கும் அப்லோடைப் பல போன்கள் பாதியில் நிறுத்திவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் பிடிக்காது. நாள் முழுக்க அணைந்திருந்த போன், திறந்த வெளியிலும் செயற்கைக்கோளைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும். ஊருக்குக் கொண்டு போவதற்கு முன் இங்கேயே பழகுங்கள்: அல்சூர் ஏரிக்கரையில் ஒரு படம், சிக்பேட்டைச் சந்துக்குள் ஒரு படம் எடுத்து, இடம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பழகும்போது எடுத்ததை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஐவிட்னஸ் தரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்ப்பவர்கள் வழக்கறிஞர்கள்; அவர்களுடைய நேரம் சூடானிலும் உக்ரைனிலும் இருப்பவர்களுக்கும் வேண்டும்.

அனுப்பியதும் பதிவின் காவல் ஐவிட்னஸ் குழுவின் கைக்குப் போகிறது. இதைப் படத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே, அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்: யாரிடம் போகும், எதற்குப் பயன்படும், எப்போது என்று சொல்ல முடியாது, பணமோ விசாவோ இதனால் கிடைக்காது. கடைசி விஷயத்தைச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. தயங்கினால் அது சம்மதம் ஆகாது. அதே நபரிடம் ஏற்கெனவே யாராவது வாக்குமூலம் எடுத்திருந்தால் மறுபடி எடுக்காதீர்கள். இரண்டு வாக்குமூலத்திலும் தேதி ஒரு நாள் மாறியிருந்தாலே இரண்டும் பலவீனமாகும். அதோடு, அவர் அந்தக் கொடுமையை இன்னொரு முறை வாழ வேண்டியிருக்கும்.

பழைய மெமரி கார்டுக்கு வருவோம். இதற்கு ஐவிட்னஸ் வேண்டாம், பொறுமை வேண்டும். கார்டை எந்தப் போனிலும் போட்டுப் பார்க்காதீர்கள். போட்டதுமே போன் அதில் தன் கோப்புகளை எழுதத் தொடங்கும். மைக்ரோ எஸ்டி அடாப்டரில் வைத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளுங்கள். பிறகு கணினியில் கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக நகலெடுங்கள். அதற்கான எஃப்டிகே இமேஜர் மென்பொருள் இலவசம்தான். அழிந்துபோன படங்களும் அந்த இமேஜுக்குள் இருக்க வாய்ப்புண்டு, கோப்பு கோப்பாக நகலெடுத்தால் அவை வராது. இமேஜின் ஷா-256 என்ற வகை ஹேஷ் எண்ணைக் கையால் ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் இருந்தவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். கார்டே படிக்கவில்லை என்றால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் டேட்டா ரெக்கவரி செய்யும் கடைகள் இருக்கின்றன. ஆனால் கார்டைக் கொடுத்துவிட்டு "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று வந்துவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்து செய்ய வையுங்கள். ஒத்துக்கொள்ளாத கடை வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடமும் நேரமும் கழன்றுவிடும், தரமும் குறையும், ஹேஷும் மாறும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

மாற்றுச் செயலிகள் இரண்டைச் சொல்லலாம். ப்ரூஃப்மோட், போனின் வழக்கமான கேமராவோடு ஓடி, ஒவ்வொரு படத்துக்கும் தனிச் சான்றுக் கோப்பு உருவாக்கும், ஐபோனிலும் உண்டு. பதிவு உங்களிடமே இருக்கும், பாதுகாக்கும் பாரமும் உங்களுடையதே. டெல்லா, எடுத்ததை மறைத்து வைப்பதில் கெட்டிக்காரச் செயலி, கால்குலேட்டர் போல வேடம் போடும். பாஸ்வேர்டை மறந்தால் எல்லாம் போச்சு. பத்திரிகையாளருக்கு ப்ரூஃப்மோட், போனைப் பறிப்பார்கள் என்ற பயம் உள்ள இடத்தில் டெல்லா, வழக்கு வரை போக வேண்டுமென்றால் ஐவிட்னஸ் என்பது எங்கள் கணக்கு.

எடுத்தவை எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்களுக்கு: ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் மார்ச் 2021ல் நிறைவேறிய பிறகு, இலங்கைக் குற்றங்களின் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஜெனீவாவில் தனிப் பிரிவு இயங்குகிறது. மெமரி கார்டின் இமேஜ், டைகாம் கோப்பு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு போன்றவற்றை அங்கே நேரடியாகக் கொடுக்கலாம். இந்திய நீதிமன்றத்தில் வைக்க நேர்ந்தால், 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். நோட்டில் எழுதி வைத்தது அப்போது கைகொடுக்கும்.

யார் இதைப் பயன்படுத்தக் கூடாது? விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ முல்லைத்தீவோ போய்வரும் ஆர்வலர்கள். 1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் அங்கே கையில் இருக்கிறது, 2024ல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்தது. நீங்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவீர்கள். நீங்கள் படமெடுத்த வீட்டுக்காரர் அங்கேயேதான் இருக்கப் போகிறார். யாழ்ப்பாணம் அருகே செம்மணிப் புதைகுழியில் 2025ல் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன; அங்கே நீதிமன்ற மேற்பார்வையில் தொல்லியலாளரும் சட்ட மருத்துவரும் வேலை செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெளியாள் மண்ணைக் கிளறிப் படமெடுத்தால் சாட்சியம் கெடும். உள்ளூரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் வக்கீல் கூப்பிட்டால் மட்டும் போங்கள். அப்போதும் உங்கள் சொந்தப் போன் வேண்டாம்: வேறு எந்தக் கணக்கும் தொடர்பு எண்ணும் இல்லாத, நல்ல ஜிபிஎஸ் உள்ள ஒரு ஆண்ட்ராய்டு போதும். பழைய போனாக வாங்கினால், பில்லோடு வாங்கி, முழுதாக ரீசெட் செய்துவிட்டுச் செயலியை ஏற்றுங்கள்.